கைபேசி வாசிப்பைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைபேசியில் குரல்வழித் தட்டச்சைத் திறந்து, பிள்ளையைப் பாடம் வாசிக்கச் சொல்லி, திரையில் சரியாக விழுந்தால் சரி, விழாவிட்டால் தவறு என்று மதிப்பெண் போடுவது சுலபமான வழியாகத் தெரியும். ஆனால் மற்ற எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான்.

குரலை எழுத்தாக்கும் பொறி, காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதில்லை. பேசியவர் எதைச் சொல்ல வந்திருப்பார் என்று ஊகித்து எழுதும்படி பழக்கப்பட்டது அது. 'பள்ளிக்குப் போனான்' என்ற இடத்தில் பிள்ளை 'பல்லிக்குப் போனான்' என்று வாசித்தாலும், அந்தத் தொடரில் 'பள்ளி'தான் வழக்கமாக வரும் என்பதால் பொறி 'பள்ளிக்கு' என்றே எழுதிவிடக்கூடும். திருத்த வேண்டிய லகர ளகரப் பிழை ஆசிரியர் கண்ணுக்கே வராது. இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். பாடத்தில் 'இட்டேரி' (இருபுறமும் வேலி உள்ள வண்டிப்பாதை) என்று இருந்து, பிள்ளை அதைப் பிசகில்லாமல் வாசித்திருந்தாலும், பொறி அந்தச் சொல்லை அதிகம் கேட்டிராததால் வேறு எதையாவது எழுதி வைக்கும். இரண்டில் கொடியது பின்னதுதான். சரியாக வாசித்த பிள்ளையைத் தவறு என்று சொன்னால், அடுத்த முறை வாயைத் திறக்கவே யோசிக்கும்.

வாசிப்புக்கு என்று செய்த மென்பொருள் வேறு மாதிரி வேலை செய்யும். பாடத்தின் வரிகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ஒலிக்கும் 'இங்கே வர வேண்டியது ளகரம், வந்தது அதற்கு எவ்வளவு நெருக்கம், வேறு எந்த ஒலிக்கு அதைவிட நெருக்கம்' என்று ஒப்பிடும். விட், யங் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் விளக்கிய உச்சரிப்பு மதிப்பீட்டு முறையின் அடிப்படை இதுதான். வாங்கப்போகும் செயலி இந்த வகைதானா என்று விற்பவரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் பத்து வரிப் பாடத்தை எடுத்து, வேண்டுமென்றே ஐந்து பிழையோடு வாசிக்கட்டும்: ஒரு ளகரத்தை லகரமாக, ஒரு நெடிலைக் குறிலாக, ஒரு சொல்லை விட்டு, ஒரு சொல்லைச் சேர்த்து, ஒரு சொல்லுக்குப் பதில் அதே பொருள் தரும் வேறு சொல்லை வைத்து. ஐந்தில் எத்தனையைப் பிடித்தது என்று பாருங்கள். எல்லாமே சரி என்று காட்டினால், அது மதிப்பெண் போடும் வேலைக்கு ஆகாது.

வட்டார வழக்கைப் பிழையாக எண்ணுவது

வாசித்த கதையைச் சொந்தமாகச் சொல்லச் சொன்னால், கொங்குப் பிள்ளை 'அவன் ரொம்பப் பயந்துட்டானுங்க' என்றுதான் சொல்லும். அந்த 'ங்க' மரியாதைக்குச் சேர்வது. சில வாயில் அது 'ங்' என்றே நின்றுவிடும். பொறி இதைத் தனிச் சொல்லாக வெட்டும், அல்லது விழுங்கிவிடும். கதையைத் திருப்பிச் சொல்லும் பயிற்சியில் பார்க்க வேண்டியது கதை புரிந்ததா என்பதை மட்டும்தான். அதற்கும் வாசிப்புக்கும் ஒரே அளவுகோலை வைத்தால், வீட்டு மொழியில் நன்றாகப் பேசும் பிள்ளை தோற்றுப்போகும்.

பார்த்து வாசிக்கும்போதும் ஒரு நுட்பம் உண்டு. 'வந்துவிட்டான்' என்று அச்சில் இருப்பதை 'வந்துட்டான்' என்று வாசிக்கும் பிள்ளை, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அல்ல. பொருள் புரிந்து, பேச்சு வடிவத்துக்குத் தாவிவிட்ட பிள்ளை. இதைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள். எழுத்துத் தடுமாற்றத்தோடு சேர்த்து எண்ணினால், யாருக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

ஒலிப்பதிவில் கோட்டை விடுவது

சோமனூர், பல்லடம் பக்கத்துப் பள்ளிகளில் ஜன்னலுக்கு வெளியே விசைத்தறி ஓடும். நம் காது அதற்குப் பழகிவிடும், மைக் பழகாது. தறிச் சத்தம் விட்டு விட்டு அடிப்பதால், சொல்லின் நடுவே வரும் ட, க போன்ற வெடிப்பொலிகளை மறைக்கும். அறையை மாற்ற முடியாவிட்டால், மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றே ஓரமாக வையுங்கள். நேரே வைத்தால் மூச்சுக்காற்று மோதிப் பகரம் வெடிக்கும். பிள்ளையைக் கத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள். கத்தும்போது குரலின் அமைப்பே மாறிவிடும். ஏற்கனவே பெரியவர் குரலைவிட உச்சத்தில் இருக்கும் சிறுவர் குரல் பொறிக்கு இன்னும் அந்நியமாகும்.

பதிவு 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றை ஒலித்தடம் என்று இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 எம்பி ஆகும், அவ்வளவுதான். 8 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால், அதில் பாதியான 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி எதுவும் மிஞ்சாது. ஸகரத்தின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. அப்புறம் ஆங்கிலப் பாடத்தில் பிள்ளை 'சிப்' என்றதா 'ஷிப்' என்றதா என்று பொறியிடம் கேட்டுப் பயனில்லை. வாட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கித்தான் போகும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

இன்னொன்று, பெரும்பாலோர் கவனிக்காதது. பேச்சு நின்றதும் பதிவைத் தானாக முடித்துக்கொள்ளும் அமைப்பு, பெரியவர் பேச்சுக்கு ஏற்றது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை இரண்டு சொல்லுக்கு நடுவே மூன்று விநாடிகூட நிற்கும். அதற்குள் பொறி கதவைச் சாத்திவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை பதியும் முறையே வகுப்புக்கு நல்லது. நீண்ட மௌனங்களை வெட்டாமல் அப்படியே பொறிக்குக் கொடுப்பதும் ஆபத்துதான். ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் போன்ற குரலை எழுத்தாக்கும் பொறிகள், யாரும் பேசாத இடத்தில் தாமாகவே வாக்கியம் எழுதி வைப்பதுண்டு.

ஆங்கிலக் கணக்கைத் தமிழுக்குப் போடுவது

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற ஆங்கில அளவை அப்படியே தமிழ்ப் பிள்ளைக்கு வைப்பது அநியாயம். 'படித்துக்கொண்டிருந்தான்' ஒரே சொல். அதற்குள் ஆங்கிலப் பிள்ளை மூன்று சொல்லைத் தாண்டியிருக்கும். எழுத்துகளை எண்ணுங்கள்.

பிழை விழுக்காட்டிலும் இதே வம்பு உண்டு. பாடத்தில் 'படித்துக்கொண்டிருந்தான்' என்று சேர்ந்திருந்து, பொறி 'படித்துக் கொண்டிருந்தான்' என்று பிரித்து எழுதினால், சொல்வாரிக் கணக்கில் ஒரு மாற்றம், ஒரு சேர்க்கை என இரண்டு பிழை. பத்துச் சொல் வரியில் பிள்ளை ஒரு பிழையும் செய்யாமலே 20 விழுக்காடு போய்விடும். ஒப்பிடும் முன் இடைவெளிகளை நீக்கிவிட்டு எழுத்துவாரியாகப் பாருங்கள். அதிலும் கணினி எண்ணும் எழுத்து வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு. 'பள்ளி' நமக்கு மூன்று எழுத்து; யூனிகோடில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி என்பதால் ஐந்து குறி. 'பல்லி' என்று வாசித்தால் நம் கணக்கில் மூன்றில் இரண்டு பிழை, கணினிக் கணக்கில் ஐந்தில் இரண்டு. எந்தக் கணக்கு என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

'கொ' என்ற எழுத்தை ஒரே துணைக்குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு ஒழுங்குபடுத்தலை ஓட்டினால் இது தீரும். 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டிய 'ஒளவை' மட்டும் அதனாலும் தீராது. கையால்தான் தேடித் திருத்த வேண்டும்.

வாசித்துக் காட்டும் குரலை அப்படியே நம்புவது

எழுத்தைக் குரலாக்கிப் பாடத்தை வாசித்துக் காட்டும் பொறியும் உண்டு. அதற்கு வரும் சிக்கல் வேறு. தமிழ் எழுத்து க, ப, த எங்கே மென்மையாக ஒலிக்கும் என்று சொல்லின் தொடக்கத்தில் காட்டுவதில்லை. கோபி, பவானி, தாராபுரம் மூன்றையும் ஊர்க்காரர் தடுமாறாமல் சொல்வார். பொறிக்குரல் வல்லினமாக அழுத்தினால், பிள்ளை தன் ஊர்ப் பெயரையே தப்பாகக் கற்கும். வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் முழுப் பாடத்தையும் ஒருமுறை கேட்டு, இடறும் சொற்களை, எதை எப்படி ஒலிக்க வேண்டும் என்று பொறிக்குச் சொல்லும் உச்சரிப்பு அகராதியில் சேர்த்துவிடுங்கள். புரியட்டும் என்று வேகத்தைப் பாதியாக்க வேண்டாம். குறில் இழுபட்டு, 'கல்' கிட்டத்தட்ட 'கால்' ஆகிவிடும். வேகத்தை விட்டுவிட்டு, தொடர்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள்.

சோதிக்காமல் வகுப்பில் இறக்குவது

பதிவுக்கு முன் பெற்றோர் ஒப்புதல் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் எல்லாரும் குழந்தைகளே.

பிறகு இருபது பிள்ளைகளின் வாசிப்பை இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் திருத்தட்டும். இருவரும் ஒத்துப்போன சொற்களை மட்டும் எடுத்துப் பொறியோடு ஒப்பிடுங்கள். சரியைத் தவறு என்றது எத்தனை, தவறைச் சரி என்றது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். கூட்டிச் சராசரி போட்டால் இரண்டும் மறைந்துவிடும். அதையும் வீட்டு மொழிவாரியாகப் பிரியுங்கள். திருப்பூரில் பனியன் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுவார்கள், கர்நாடக எல்லையை ஒட்டிய தாளவாடியில் கன்னடம். ஒரு கூட்டத்துக்கு மட்டும் 'சரியைத் தவறு என்றது' கூடுதலாக வந்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் பொறியின் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். அவர்கள் வாசிப்பை ஆசிரியரே கேட்டுத் திருத்தட்டும்.