உறைவிடக் கல்லூரியில் முதல் 13 வாரங்கள்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'கல்லூரி' என்றால் நம் ஊர்க் கல்லூரி இல்லை. பட்டப்படிப்பு உங்கள் துறையில்தான் நடக்கும். டெம்புசு, கேப்ட், ஆர்சி4 போன்ற உறைவிடக் கல்லூரிகளில் கிடைப்பவை வேறு: ஓர் அறை, காலையும் இரவும் சாப்பாடு, சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் சில பாடங்கள், சுமார் 600 அக்கம்பக்கத்தார். டெம்புசுவும் கேப்டும் 2011இல் யூடவுன் என்னும் வளாகப் பகுதியில் தொடங்கியதிலிருந்து இதுதான் ஏற்பாடு. வெறும் ஹாஸ்டல் என்று நினைத்து வருகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். கல்லூரித் திட்டம் இரண்டு ஆண்டு. அதற்கு மேலும் அறை வேண்டுமென்றால் நீங்கள் கல்லூரிக்கு என்ன செய்தீர்கள் என்று பார்ப்பார்கள்.

பருவம் 13 வாரம். ஆறாம் வாரம் முடிந்ததும் ஒரு வாரம் விடுமுறை. முதல் இரண்டு வாரங்களில் குழுக்களெல்லாம் ஆள் சேர்ப்பார்கள். எத்தனை குழுக்களின் முதல் கூட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பெயர் கொடுப்பது இரண்டுக்கு மட்டும் இருக்கட்டும்: ஒன்று விளையாட்டோ இசையோ, இன்னொன்று நிகழ்ச்சிகளை நடத்தும் ஒரு வேலைக்குழு. ஐந்தில் சேர்ந்தால் வாரத்துக்குப் பத்து மணி நேரம் போய்விடும். விடுமுறை முடிந்து இடைத்தேர்வும் குழுத் திட்டங்களும் சேர்ந்து வரும்போது ஒவ்வொன்றாக நழுவ விடுவீர்கள். விலகுவதில் தப்பில்லை, சொல்லாமல் விலகுவதுதான் தப்பு. ஆறு பேர் அணியில் ஒருவர் வராவிட்டால் அன்றைக்குப் பயிற்சியே கிடையாது.

ஆனால் உண்மையான நுழைவாசல் சாப்பாட்டுக் கூடம்தான். பொட்டலம் கட்டி அறைக்கு எடுத்துப் போகும் பழக்கம் முதல் மாதத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு போகவே போகாது. தினமும் ஒரே நேரத்துக்கு இறங்குங்கள். அதே நேரத்துக்கு வரும் முகங்கள் இரண்டே வாரத்தில் பழகிவிடும். டிஷ்யூ பொட்டலம் வைத்து நண்பர்களுக்கு மட்டும் மேசை பிடிக்காமல், பாதி நிரம்பிய மேசையில் "உட்காரலாமா?" என்று கேட்டு உட்காருங்கள். அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கும் பேராசிரியர்களும் அங்கே சாப்பிடுவார்கள். துறையில் நேரம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவரோடு இங்கே சாப்பிட்டபடியே பேசலாம், அதை விட்டுவிடாதீர்கள்.

வேலைக்குழுவில் தளவாடப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். சுவரொட்டி வரைகிறவர் தனியாக உட்கார்ந்து வரைவார். நாற்காலி போடுகிறவருக்கு எல்லோரும் அறிமுகமாவார்கள். குழுவுக்காகக் கைக்காசு போட்டு வாங்கியதற்குப் பணம் திரும்பப் பெறுவதில் பலர் இரண்டு இடத்தில் சிக்குவார்கள். கார்டு தேய்த்ததும் வரும் சீட்டில் தொகை மட்டும்தான் இருக்கும், என்ன வாங்கினீர்கள் என்பது இருக்காது. பொருள்வாரியான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், கடையை விட்டு வெளியே வரும்போதே படமெடுத்து வையுங்கள்.

உங்களுக்குப் பிடித்தது எந்தக் குழுவிலும் இல்லையா? புதிதாகத் தொடங்கலாம். டெலிகிராமில் "யாருக்கெல்லாம் கேரம் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள், நாற்பது பேர் கை தூக்கி நான்கு பேர் வருவார்கள். "வியாழன் இரவு 9 மணி, லவுஞ்சில் பலகை போட்டிருக்கும்" என்று எழுதுங்கள். மூன்று வாரம் அதே நாள், அதே நேரம். கல்லூரியிடம் பணம் கேட்டு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு. வெள்ளி மாலை வேண்டாம். உள்ளூர் மாணவர்கள் பலர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வார இறுதிதான் வெறுமையாக இருக்கும், அவர்களுக்கென்று ஞாயிறு காலை ஏதாவது வைத்தால் நன்றியோடு வருவார்கள்.

உங்கள் மாடியில் இருப்பவர்களை ஒன்றுசேர்க்க இஞ்சி டீ போதும். 12 குவளைக்குத் தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், பால் ஒரு லிட்டர், டீத்தூள் 12 தேக்கரண்டி, விரல் நீள இஞ்சியைத் தட்டிப் போட வேண்டும். இஞ்சி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதித்த பிறகே பால். முன்பே ஊற்றினால் திரிந்துபோகலாம். சர்க்கரையைத் தனியே வையுங்கள். பொது பேன்ட்ரியில் (எல்லோருக்குமான சிறு சமையலறை) மிளகாய் தாளிக்காதீர்கள்: புகைக்கு அலாரம் அடித்தால் கட்டடமே படியிறங்கும். பலகாரம் வாங்கினால் ஹலாலா, சைவமா என்று எழுதி ஒட்டி, கரண்டிகளைத் தனித்தனியாகப் போடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுச் சாப்பிடாமலே போகிறவர்கள் உண்டு.

தமிழ்ப் பேரவை பல்கலைக்கழகம் முழுவதற்குமான அமைப்பு, கல்லூரிக்குள் வராது. அதன் 'சங்கே முழங்கு' நாடகத்தில் சேர்ந்தால் ஒத்திகை உங்கள் மாலைகளை விழுங்கும். அந்தப் பருவத்தில் கல்லூரியில் ஒரு பொறுப்பைக் குறைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொறுப்பை விட்டுப் போகும்போது அடுத்தவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: யாரிடம் சாப்பாடு சொன்னீர்கள், எத்தனை பேருக்குச் சொன்னீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், எது மிஞ்சியது, எந்த அறையின் சாவிக்கு எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டியிருந்தது.