காய்ச்சலில் படுத்தபடி குமுளி மலை ஏற

காய்ச்சல் அடிக்கும்போது சைக்கிளைத் தொட வேண்டாம். வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கி) மாட்டி மிதிப்பதும் கூடாது. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு. ஆனால் நாலு நாள் படுத்தாலே மிதிக்கிற ஆசை வடிந்துவிடுகிறது. அதற்கு, யார் யாரோ ஊர் சுற்றும் வீடியோக்களை விட நம்மூர் மலை ஒன்றைத் தாளில் ஏறிப் பார்ப்பதே நல்ல மருந்து. கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி, போடிக்காரர்களுக்கு போடிமெட்டு, செங்கோட்டைக்காரர்களுக்கு புளியரை தாண்டி ஆரியங்காவு.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ.; ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. ரோடு ஒரு கோட்டை வெட்டும் இடத்திலிருந்து அடுத்த கோடு வரை, வளைவோடு வளைவாகத் தையல் நூலை ஒட்டி வையுங்கள். பிறகு நூலை நிமிர்த்தி ஸ்கேலில் அளக்கவும். 1 செ.மீ. வந்தால் 500 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம், அதாவது 4 சதவீதம். 8 மி.மீ. என்றால் 5, 5 மி.மீ. என்றால் 8, 4 மி.மீ. என்றால் 10 சதவீதம்.

கணக்கு தப்புவது பெரும்பாலும் பிரின்ட் எடுக்கும்போதுதான். தாளுக்குத் தக்கபடி படத்தைச் சுருக்கும் அமைப்பை அணைக்காவிட்டால் எல்லா ஏற்றமும் செங்குத்தாகத் தெரியும். படத்தின் அடியில் இருக்கும் அளவுகோலை முதலில் ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் நூல் உள்பக்கம் நழுவினாலும் இதே கோளாறுதான்.

அளந்த சதவீதத்தை ரோட்டோரம் பென்சிலில் குறித்து, தெரிந்த அடையாளங்களையும் எழுதுங்கள்: குமுளி ரோடு என்றால் மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள், இரைச்சல் பாலம், மாதா கோயில். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நாம் உள்வட்டத்தில் இருப்போம். சரிவு அங்கேதான் கூடுதல். அந்த வளைவுகளுக்குத் தனிக் குறி போட்டு, எங்கே கியரைக் குறைப்பது என்பதை வளைவுக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது கியர். சக்கரச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்கு (பெடல் ஒரு முழுச் சுற்று) 2.55 மீட்டர், நிமிடத்துக்கு 60 மிதியில் மணிக்கு 9 கி.மீ. சொச்சம். 8 சதவீதத்தில் இந்த வேகம் தாங்காதவருக்கு மிதி 45-க்கு இறங்கி முட்டி வலிக்கும். பின்னால் 34 போட்டால் அதே 60 மிதிக்கு 7.6 கி.மீ. போதும். வாங்கும் முன் உங்கள் ரியர் டெரெய்லர் (பின்னால் செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள்.

தலை கனத்தால் தாளை மடக்கிவிட்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஆல்ப் டுயெஸ் மலை ஏறும் ஒரு மணி நேரத்தை மட்டும், ஒலியை அணைத்துப் பாருங்கள். 13.8 கி.மீ., 21 வளைவு, சராசரி 8 சதவீதம். நம் போடிமெட்டுக்கு 17 வளைவு. யார் முந்தினார் என்பதை விடுங்கள். தோள் அசைகிறதா, எப்போது எழுந்து நின்று மிதிக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

எழுந்து உட்கார முடிந்தால் செயினை அளக்கலாம். கண்ணிகளைக் கோக்கும் ஓர் ஊசியின் நடுவிலிருந்து இன்னோர் ஊசியின் நடு வரை 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றவும். 1/8 என்றால் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) தேய்ந்திருக்கும். இருமலோடு அறைக்குள் மண்ணெண்ணெய் வைத்துக் கழுவ வேண்டாம்.

மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லையென்றால்தான் விட்டதாகக் கணக்கு. டெங்கு என்றால் அதுவும் செல்லாது. காய்ச்சல் இறங்கும் நாட்களே ஆபத்தானவை, டாக்டர் சொல்லாமல் ஏறக்கூடாது. நெஞ்சுச்சளி, உடம்புவலி இருந்தாலோ, விடிந்ததும் எழுமுன் பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 10 கூடியிருந்தாலோ இன்னும் பொறுங்கள்.

முதல் சவாரி சமதளத்தில் அரை மணி. ஆடிக்காற்றில் கம்பத்திலிருந்து கூடலூர் பக்கம் எதிர்க்காற்றில் போய்த் திரும்புங்கள். களைத்த பின் காற்று முதுகில் தள்ளும். குமுளிக்கு அடுத்த வாரம் போகலாம், காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் போன பிறகு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நெருக்கும். தை பாதி தாண்டட்டும்.