பெப்சி பாசி பவளத்தைக் கொல்லுமா? ஆய்வுக் கட்டுரைகளைக் காசில்லாமல் தேடிப் படிக்கும் முறை

பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு டீக்கடையில் ‘பெப்சி பாசி’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். கடலில் வளர்த்து விற்கும் ஒரு பாசி அது. அதுதான் எங்க வீட்டுக்குச் சோறு போடுது என்பார் ஒருவர். அது பவளப்பாரை மூடிக் கொல்லுது என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே ‘ஆராய்ச்சியிலயே சொல்லிட்டாங்க’ என்றுதான் முடிப்பார்கள். எந்த ஆராய்ச்சி என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் வந்தது என்பார்கள்.

அந்த ஆராய்ச்சியை நீங்களே எடுத்துப் படிக்கத்தான் இந்தப் பதிவு. கல்லூரியில் முதலாண்டு படிப்பவர், மீனவர் சங்கத்தில் மனு எழுதுபவர், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர், யாராக இருந்தாலும் சரி. கையில் போன் இருந்தால் போதும்.

முதலில் ஒரு பயத்தை விடுங்கள். கூகுளில் தேடினால் பெரும்பாலும் பதிப்பகத்தின் பக்கம்தான் வரும். கட்டுரைச் சுருக்கம் மட்டும் தெரியும், மீதியைப் படிக்க முப்பது நாற்பது டாலர் கட்டச் சொல்லும். பலரும் அங்கேயே மூடிவிடுகிறார்கள். ஆனால் அதே கட்டுரை வேறொரு இடத்தில் இலவசமாகக் கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. வரிப்பணத்தில் நடந்த ஆய்வை வரி கட்டியவரே மறுபடி காசு கொடுத்து வாங்குவதா என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்தது. ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இணையத்தில் காசில்லாமல் படிக்க வழி வேண்டும் என்று 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. ‘திறந்த அணுகல்’ என்ற பெயர் பரவியது அதற்குப் பிறகுதான். நம் நாட்டில் வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐசிஏஆர் 2013-இலும், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2014-இலும் திறந்த அணுகல் கொள்கை வெளியிட்டன.

படி 1: ஊர்ப் பெயரை அறிவியல் பெயராக மாற்றுங்கள்

பாதி வேலை இதில்தான். ‘பெப்சி பாசி’ என்று எந்த ஆய்வாளரும் எழுத மாட்டார். பெப்சி நிறுவனம் இங்கே ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் நம் மக்கள் வைத்த பெயர் அது. கட்டுரைகளில் அதன் பெயர் கப்பாபைகஸ் அல்வரேசி. மரிக்கொழுந்து பாசி என்றால் ஜெலிடியெல்லா அசெரோசா, கஞ்சிப்பாசி கிராசிலேரியா, கட்டக்கோரை சர்காசம். கடல்பசு டுகாங் டுகான், சங்கு டர்பினெல்லா பைரம். விக்கிப்பீடியாவில் இந்தப் பெயர்களைத் தேடினால் ஆங்கில எழுத்துக்கூட்டல் கிடைக்கும். அதை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள், நினைவிலிருந்து தட்டாதீர்கள்.

அப்புறம் இடப்பெயர். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, மண்டபம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் போட்டுத் தேட வேண்டும். தீவுகளின் பெயரில் கவனம் தேவை. குருசடைத் தீவை ஒரு கட்டுரை ‘குருசடை’ என்று எழுதும், இன்னொன்று முதல் உயிரெழுத்தை விழுங்கிவிட்டு ‘க்ருசடை’ என்று எழுதும். ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்றது வராமல் போகலாம். பாசிக்கும் இதே கதைதான். கப்பாபைகஸை முன்பு யூகீமா என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார்கள், பழைய கட்டுரைகள் வேண்டுமென்றால் அந்தப் பெயரிலும் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

படி 2: கூகுளுக்கு முன்னால் நம் ஊர்க் களஞ்சியம்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், அதாவது சிஎம்எஃப்ஆர்ஐ, 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கியது. பல ஆண்டுகள் அதன் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போனாலும் மண்டபம் கிளை இன்றும் இயங்குகிறது. இத்தனை வருட ஆய்வை அவர்கள் ‘ஈபிரிண்ட்ஸ் சிஎம்எஃப்ஆர்ஐ’ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கணக்குத் தொடங்க வேண்டாம், காசு வேண்டாம்.

தேடல் பெட்டியில் மண்டபம் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். மீன் இறக்கம், சிங்கி இறால், கடல் அட்டை, கூண்டு மீன் வளர்ப்பு என்று வரிசையாக வரும். கடல் விரால், அதாவது கோபியா மீனை, இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்தது 2010-இல் மண்டபத்தில்தான். அதைப் பற்றிய எழுத்துகளும் அங்கே உண்டு. புதிதாகப் படிப்பவர்கள் பெரிய ஆய்விதழ்க் கட்டுரையில் தொடங்காமல், இதே நிறுவனம் 1978 முதல் வெளியிடும் கடல் மீன்வளத் தகவல் இதழில் தொடங்கலாம். இரண்டு மூன்று பக்கக் குறிப்புகள்தான், ஆங்கிலமும் எளிமையாக இருக்கும்.

சில பதிவுகளில் பிடிஎஃப் பூட்டியிருக்கும். அதற்கு ஐந்தாம் படியில் வழி இருக்கிறது.

படி 3: கூகுள் ஸ்காலர்

சாதாரண கூகுள் அல்ல, ஸ்காலர். அறிவியல் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் இடப்பெயரையும் போடுங்கள். முடிவுகளில் இரண்டு இடங்களைப் பாருங்கள். கணினியில் வலப்பக்கம் பிடிஎஃப் என்று இணைப்பு இருந்தால் அது நேராகத் திறக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சின்ன இணைப்பு இருக்கும். பலரும் கவனிக்காதது அதுதான். ஆய்வாளர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டு வைத்த பிரதி அதற்குள் இருக்கலாம்.

கப்பாபைகஸ், பவளம், மன்னார் வளைகுடா என்று தேடினால் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் 2008-இல் வந்த கட்டுரை மாட்டும். மதுரை தியாகராசர் கல்லூரி ஆய்வாளர்கள் எழுதியது. குருசடைத் தீவில் இந்தப் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பதாகச் சொல்வது அதுதான். அந்த இதழை இணையத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். இன்னும் கொஞ்சம் கீழே போனால் 2010-இல் ‘ஆல்கே’ என்ற கொரிய இதழில் வந்த இன்னொரு கட்டுரை. அதுவும் குருசடையைப் பற்றியதுதான், ஆனால் பரவல் தீவின் ஒரு சிறு பகுதியோடு நிற்கிறது என்கிறது. டீக்கடையின் இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு கட்டுரை!

இங்கே அவசரப்படாமல் படியுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகக் கூடாது. முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே எந்த நிறுவனம் என்று இருக்கும். இரண்டாவது கட்டுரை எழுதியவர்கள் குஜராத்தின் பவநகரில் தலைமையகம் உள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தை, அதாவது சிஎஸ்எம்சிஆர்ஐ-யைச் சேர்ந்தவர்கள். இந்தப் பாசி வளர்ப்பை மண்டபத்தில் ஆராய்ந்து பரப்பிய நிறுவனமும் அதுதான். அதனாலேயே கட்டுரை பொய் என்று ஆகிவிடாது, ஆனால் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். அடுத்து வரைபடத்தையும் ‘முறைகள்’ பகுதியையும் பாருங்கள். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை சதுர மீட்டரில் அளந்தார்கள்? ஒரு தீவில் அளந்ததை வைத்து மன்னார் வளைகுடாவின் 21 தீவுக்கும் பேச முடியாது. என்னைக் கேட்டால், சுருக்கத்தை விட இந்தப் பகுதிதான் முக்கியம்.

படி 4: அன்பேவாலும் சோத்கங்காவும்

கணினியில் குரோம் அல்லது ஃபயர்பாக்ஸ் வைத்திருந்தால் ‘அன்பேவால்’ என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவிக்கொள்ளுங்கள். காசு கேட்கும் பக்கத்தில் நிற்கும்போது, சட்டப்படி இலவசப் பிரதி எங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு காட்டும். அழுத்தினால் திறக்கும். அவ்வளவுதான்.

சோத்கங்கா கொஞ்சம் பெரிய கடல். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் அதில் சேர்த்து வைக்கிறது. ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று யுஜிசி 2009-இல் விதி கொண்டுவந்தது. தொண்டியில் கடலியல் துறை வைத்திருக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்தை அதில் தேடுங்கள். ஒவ்வோர் ஆய்வேடும் இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப்பாக இருக்கும். முழுவதையும் இறக்க வேண்டாம், முன்னாய்வுகளைத் தொகுக்கும் இயலை மட்டும் எடுங்கள். அந்தத் தலைப்பில் அதுவரை யார் யார் என்ன எழுதினார்கள் என்ற பட்டியல் சும்மா கிடைத்துவிடும். தமிழ்த் துறைகளில் நடந்த ஆய்வுகள் தமிழிலேயே இருக்கும். மீனவர் வழக்காறு, கடற்கரைத் தெய்வங்கள் பற்றித் தேடுபவர்களுக்கு நல்ல வேட்டை.

பழைய விஷயம் வேண்டுமா? பதிப்புரிமை முடிந்த நூல்கள் ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’யிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கிடைக்கும். சங்கு குளிப்பதைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் எழுதியதை அங்கே தேடுங்கள்.

படி 5: எழுதியவரிடமே கேளுங்கள்

எங்கும் கிடைக்கவில்லையா? கட்டுரைச் சுருக்கத்தின் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். தன் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்றால் பெரும்பாலான ஆய்வாளர்களுக்குச் சந்தோஷம்தான். சுருக்கமாக எழுதுங்கள்:

“வணக்கம் ஐயா / அம்மா. நான் பாம்பனைச் சேர்ந்த கல்லூரி மாணவி. பாசி வளர்ப்பு பற்றிய உங்கள் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தேன். முழுக் கட்டுரை எனக்குக் கிடைக்கவில்லை. படிப்புக்காக ஒரு பிரதி அனுப்ப முடியுமா? நன்றி.”

கட்டுரையின் முழுத் தலைப்பையும் ஆண்டையும் சேர்த்துவிடுங்கள். தமிழ் தெரியாதவராக இருந்தால் இதையே ஆங்கிலத்தில் எழுதலாம். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சை-ஹப் பற்றிக் கேட்பீர்கள்

காசு கேட்கும் கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் தளம் அது. எல்லோரும் கேட்கிறார்கள். பதிப்பகங்கள் அதன் மேல் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. மேலே சொன்ன வழிகளில் போனாலே நம் கடலைப் பற்றி மாதக்கணக்கில் படிக்க விஷயம் இருக்கிறது, அதனால் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்தை மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஏற்றது. மூன்று ஆண்டுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாயில் ஏறக்குறைய 13,000 இதழ்களுக்கு அரசே சந்தா கட்டும். அரசு உயர்கல்வி நிறுவனத்தில் படித்தால் உங்கள் நூலகரிடம் போய்க் கேளுங்கள், விடாதீர்கள். ஆனால் அது நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். படகுத்துறையில் நிற்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

படி 6: தமிழில் எழுதும் முன் உரிமத்தைப் பாருங்கள்

இலவசமாகப் படிக்கலாம் என்பதும், எடுத்து மாற்றி வெளியிடலாம் என்பதும் ஒன்றல்ல. முதல் அல்லது கடைசிப் பக்கத்தில் கட்டுரையைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘சிசி பை’ என்று மட்டும் இருந்தால் ஆசிரியர் பெயரையும் மூலத்தையும் சொல்லி, மொழிபெயர்ப்பு என்றும் குறிப்பிட்டுத் தமிழில் வெளியிடலாம். கூடவே ‘என்டி’ என்று இருந்தால் மொழிபெயர்த்துப் பரப்ப அனுமதி இல்லை, ‘என்சி’ என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எதுவுமே போடவில்லை என்றால் செய்தியை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதி, எந்தக் கட்டுரை என்று சொல்லிவிடுங்கள்.

இதழ் பெயர் புதிதாக இருந்தால், திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலான டிஓஏஜே-யில் இருக்கிறதா என்று பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் நிறைய. பட்டியலில் இல்லாததெல்லாம் போலி என்று அர்த்தமில்லை, ஆனால் கூட்டத்தில் நீட்டுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒரு பேராசிரியரிடம் காட்டிவிடுவது நல்லது.