டென்டல் சேர் வாங்கும் முன்: காற்று, தண்ணீர், கரண்ட்

புதிதாக கிளினிக் தொடங்குகிற பலர் ரெக்சின் நிறத்திலிருந்துதான் தேர்வைத் தொடங்குகிறார்கள். ஆனால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட நேரும் கோளாறுகளில் பெரும்பகுதி, நாற்காலிக்குள் போகிற காற்றாலும் தண்ணீராலும் கரண்டாலும் வருபவை. ஷோரூமுக்குக் கிளம்பும் முன் இந்த மூன்றையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அறை. பத்துக்குப் பத்தடி இருந்தால் ஒரு நாற்காலியை வசதியாக வைக்கலாம். நாற்காலி முழுதாகச் சாய்ந்தால் ஏறக்குறைய ஆறடி நீளும். தலைப்பக்கம் டாக்டரின் ஸ்டூல் நகர இரண்டடியாவது வேண்டும். இதைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்துவிடுங்கள். காற்று, தண்ணீர், கழிவுநீர், கரண்ட் இணைப்புகள் தரையில் எந்த இடத்தில் மேலே வர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதற்கான வரைபடத்தை டீலரிடம் வாங்காமல் டைல்ஸ் ஒட்டினால், பிறகு உடைக்க வேண்டியதுதான். கழிவுநீர்க் குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுங்கள். சரிவு குறைந்தால் ரத்தமும் இம்ப்ரெஷன் (பல் அச்சு) எடுத்த பசையின் துணுக்குகளும் படிந்து எச்சில் தொட்டி அடைத்துக்கொள்ளும்.

இனி கம்ப்ரஸர். பல்லைக் குடையும், காற்றில் சுழலும் கருவியான ஏரோட்டர் ஒன்று ஓட நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் காற்று வேண்டும். எச்சிலை உறிஞ்சுவதற்கு, வென்சுரி முறையில் (வேகமாக ஓடும் காற்றின் இழுப்பால்) இயங்கும் சக்‌ஷன் இருந்தால் அதுவும் இதே கம்ப்ரஸரிலிருந்துதான் இழுக்கும். சக்‌ஷனைப் போட்டதும் ஏரோட்டர் சத்தம் இறங்குவது இதனால்தான். முடிந்தவரை தனி மோட்டார் சக்‌ஷனே வாங்குங்கள்.

கம்ப்ரஸர் விளம்பரத்தில் இருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் எதிரழுத்தம் இல்லாத நிலையில் சொன்னது. 5 பார் அழுத்தத்தில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள், அல்லது நீங்களே அளந்துவிடுங்கள். 40 லிட்டர் டேங்கில் அழுத்தம் 5 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எத்தனை நேரமாகிறது என்று பாருங்கள். ஏறியது 2 பார், எனவே உள்ளே போன காற்று 40 × 2 = 80 லிட்டர். ஒரு நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 80 லிட்டர், ஒரு நாற்காலிக்குப் போதும். இரண்டு நிமிடமானால் 40 லிட்டர்தான். அப்படிப்பட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறிச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஆயில்-ஃப்ரீ வகையை மட்டுமே வாங்குங்கள். எண்ணெய் போடும் கம்ப்ரஸரிலிருந்து மெல்லிய எண்ணெய்ப்படலம் காற்றோடு வந்து, எட்ச் செய்த (அமிலத்தால் சொரசொரப்பாக்கிய) பல்மேல் படியும். பல்லை அடைக்கும் காம்போசிட் ஒட்டாமல் போகும். ஈரமும் இதே கெடுதலைச் செய்யும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் டேங்குக்குள் தினமும் தண்ணீர் சேரும், தினமும் மாலையில் திறந்து வடித்துவிட வேண்டும். காற்றின் ஈரத்தை நீக்கும் ட்ரையர் உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் போகாது.

ஏரோட்டருக்குத் தேவையான அழுத்தம் பொதுவாக 2 முதல் 3 பார் வரை. சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். ஏரோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. நின்றிருக்கும்போது காட்டுவதை நம்பி வைத்தால், ஓடும்போது இறங்கிவிடும். வேகம் போதவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டினால் பேரிங் தேய்ந்து, அது இருக்கும் உள்பாகமான கேட்ரிட்ஜை மாற்றும் செலவுதான் மிஞ்சும்.

தண்ணீருக்கு வருவோம். போர் தண்ணீரை நேரே நாற்காலிக்குக் கொடுத்தால் உப்பு படிந்து தண்ணீரைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வும், பல்லின் காரையை எடுக்கும் ஸ்கேலரின் முனையும், காற்றும் தண்ணீரும் பீய்ச்சும் த்ரீவே சிரிஞ்சும் அடைத்துக்கொள்ளும். எச்சில் தொட்டியைக் கழுவும் தண்ணீர் குழாயிலிருந்து ஃபில்டர் வழியாக வரட்டும். வாய்க்குள் போகும் தண்ணீர் தனி பாட்டிலில் டிஸ்டில்டு அல்லது ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். பாட்டில் இல்லாத மாடலை வாங்க வேண்டாம்.

பாட்டில் இருந்தாலும் மெல்லிய குழாயின் உட்புறம் கிருமிப் படலம் வளரத்தான் செய்யும். சாதாரண சிகிச்சைக்கான தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 பாக்டீரியா காலனி என்பது அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி. வைத்திருக்கும் உச்சவரம்பு. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 விநாடி தண்ணீரையும் காற்றையும் ஓடவிடுங்கள். இரவில் பாட்டிலைக் காலி செய்து குழாயைக் காற்றால் உலர்த்துங்கள். குழாயைச் சுத்தம் செய்ய எந்த மருந்தை அந்த மாடல் தாங்கும் என்று வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். கண்ட பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் உலோகப் பாகங்கள் அரிக்கும். வாயிலுள்ள எச்சில் பின்னோக்கி இழுக்கப்படாமல் தடுக்கும் ஆன்டி-ரிட்ராக்‌ஷன் வால்வு இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயம் சுருக்கமானது: நாற்காலிக்கு ஒரு லைன், கம்ப்ரஸருக்கு வேறு லைன், நல்ல ஸ்டெபிலைசர், உறுதியான எர்த். கம்ப்ரஸர் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் சரியும், அது நாற்காலியின் மின்னணு போர்டுக்கு ஆகாது. பல வாரண்டிகளில் வோல்டேஜால் எரிந்த போர்டுக்குப் பாதுகாப்பு கிடையாது.

இப்போது ஷோரூமுக்குப் போகலாம். எடை தாங்கும் அளவு 135 கிலோவுக்குக் குறையக் கூடாது. கனமான ஒருவரைப் படுக்கவைத்து மேலே ஏற்றுங்கள். திணறலோ ஆட்டமோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். நாற்காலி இறங்கும்போது அடியில் ஸ்டூலை வைத்துப் பாருங்கள், பட்டவுடன் நிற்க வேண்டும். நீங்களே உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, மேல்தாடைக் கடைவாய்ப்பல் தெரிகிற கோணத்தில் பத்து நிமிடம் வேலை செய்வதுபோல இருங்கள். முதுகுப்பகுதி தடிமனாக இருந்தால் உங்கள் தொடை உள்ளே போகாது, வருடக்கணக்கில் குனிந்தே வேலை செய்ய வேண்டிவரும். இந்த ஒன்றுக்காகவே அழகான பல மாடல்களை ஒதுக்கலாம். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் கருவிகள் தொங்கும் டெலிவரி யூனிட் அந்தப் பக்கம் திரும்புமா என்று பார்க்க வேண்டும். விளக்கில் மஞ்சள் ஒளி நிலை வேண்டும். இல்லாவிட்டால் வைத்துக்கொண்டிருக்கும்போதே காம்போசிட் இறுகிவிடும்.

ஏரோட்டர் குழாய் இரண்டு துளையா, நான்கு துளையா என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் ஹேண்ட்பீஸை (கையில் பிடிக்கும் ஏரோட்டர் பாகம்) மட்டும் வாங்குங்கள். ஒன்று கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில், ஒன்று ஆறிக்கொண்டு, ஒன்று கையில் என்று நாற்காலிக்குக் குறைந்தது மூன்று ஹேண்ட்பீஸ் இருக்க வேண்டும்.

கொட்டேஷனில் மெயின் போர்டு, ஃபுட் கன்ட்ரோல், சொலினாய்டு, குழாய் செட் ஆகியவற்றின் விலையைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு சர்வீஸ் இன்ஜினியர் எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதும் அதிலேயே வரட்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. தயாரிப்பு அல்லது இறக்குமதிக்கான உரிம எண்ணை அல்லது பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொகையில் பத்து சதவீதத்தையாவது நிறுத்திவைத்து, பொருத்திய பிறகு ஏரோட்டர், ஸ்கேலர், சக்‌ஷன் மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, மீட்டர் முள் இறங்காததைப் பார்த்த பிறகு கொடுங்கள்.