எக்ஸ்எஸ்எல்டி வழியாகப் பிழையில்லாத எக்ஸ்எச்டிஎம்எல்: வடசென்னை மண்டலப் பட்டியலை வைத்து

மாநகராட்சியின் வடசென்னை மண்டலங்களை எடுத்துக்கொள்வோம்: 1 திருவொற்றியூர், 2 மணலி, 3 மாதவரம், 4 தண்டையார்பேட்டை, 5 ராயபுரம். ஒவ்வொன்றின் கீழும் நூலகப் பட்டியல் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பை, எக்ஸ்எஸ்எல்டி 1.0 (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி) கொண்டு எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 ஸ்ட்ரிக்ட் (எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதும் எச்டிஎம்எல்லின் கண்டிப்பான வகை) பக்கமாக்க வேண்டும்.

முதலில் நேம்ஸ்பேஸ், அதாவது டேகுகள் எந்த மொழியைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம். எக்ஸ்எச்டிஎம்எல் நேம்ஸ்பேஸை ஸ்டைல்ஷீட்டின் (மாற்றும் விதிகள் உள்ள கோப்பு) வேர் டேகிலேயே முன்னொட்டு இல்லாமல் அறிவியுங்கள். எச்டிஎம்எல் டேகில் மட்டும் போட்டால், மற்ற டெம்ப்ளேட்டுகளில் (ஸ்டைல்ஷீட்டின் தனித்தனி விதிகள்) எழுதிய டேகுகள் வெற்று எக்ஸ்எம்எல்என்எஸ் (நேம்ஸ்பேஸ் அறிவிப்பு) வாலோடு வெளிவரும். பக்கம் விதிப்படி உள்ளதா என்று பார்க்கும் வேலிடேட்டர் அங்கேயே மறிக்கும்.

அடுத்து அவுட்புட் வரி. மெத்தட் எக்ஸ்எம்எல்தான், எக்ஸ்எச்டிஎம்எல் என்ற மெத்தட் 2007இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0வில்தான் உண்டு. பக்கம் எந்த வகை என்று சொல்லும் டாக்டைப் வரிக்காக டாக்டைப்-பப்ளிக், டாக்டைப்-சிஸ்டம் இரண்டையும் கொடுங்கள். சிஸ்டத்தை விட்டால் டாக்டைப் வரியே வராது. என்கோடிங் யூடிஎஃப்-8. ஆஸ்கி என்று வைத்தால் 'த' என்ற ஓர் எழுத்து த ஆகிவிடும்; பிழையில்லை, கோப்புதான் வீங்கும்.

இனி, வேலிடேட்டருக்கே தெரியாத சிக்கல். எஸ்ஆர்சி மட்டும் கொண்ட ஸ்கிரிப்ட் டேக், எக்ஸ்எம்எல் மெத்தடில் தன்னையே மூடிக்கொண்டு வரலாம். விதிப்படி சரி. ஆனால் பக்கத்தை டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என அனுப்பினால், பிரவுசர் அந்த டேகைத் திறந்ததாகவே எடுத்துக்கொண்டு மீதிப் பக்கத்தை விழுங்கிவிடும், திரை வெள்ளை. உள்ளே ஓர் இடைவெளி தட்டினால் போதாது, ஸ்டைல்ஷீட்டில் வெறும் இடைவெளியை எக்ஸ்எஸ்எல்டி உரித்துவிடும். எக்ஸ்எஸ்எல்:டெக்ஸ்ட் டேகுக்குள் இடைவெளி வையுங்கள். காலி டிவ், டெக்ஸ்ட்ஏரியாவுக்கும் இதே கதைதான். சில ப்ராசஸர்கள் (எக்ஸ்எஸ்எல்டியை இயக்கும் மென்பொருள்கள்) டாக்டைப்பைப் பார்த்துத் தாமே சரிசெய்யும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

தரவால் வரும் பிழைகள் வேறு. மண்டல எண்ணை அப்படியே ஐடி ஆக்கினால் '4' செல்லாது, ஐடி எண்ணில் தொடங்கக்கூடாது. கான்கேட் (சேர்த்து எழுதும் ஃபங்ஷன்) கொண்டு 'ம4' ஆக்குங்கள். மணலிக்குக் கீழே நூலகமே பதிவாகவில்லை என்றால் யூஎல் காலியாக வரும். ஸ்ட்ரிக்டில் ஓர் எல்ஐயாவது வேண்டும். ஃபார்-ஈச்சை மட்டுமல்ல, யூஎல்லையும் சேர்த்து எக்ஸ்எஸ்எல்:இஃப் கொண்டு சுற்றுங்கள். டேபிளுக்கும் டிஆர் விஷயத்தில் அப்படியே. ஸ்டைல்ஷீட்டில் என்பிஎஸ்பி (வரி உடையாத இடைவெளிக்கான குறி) எழுதினால் பார்சர் நின்றுவிடும்;   போடுங்கள்.

வெளிவந்த கோப்பை எக்ஸ்எம்எல்லின்ட் என்ற சோதனைக் கருவியில் --வேலிட் தெரிவோடு சோதியுங்கள். டிடிடியை (பக்கத்துக்கான விதிக் கோப்பு) ஒவ்வொரு முறையும் டபிள்யூ3சி சர்வரிலிருந்து இழுத்தால் நேரம் போகும். ஒரு பிரதியை உங்கள் கணினியிலேயே வைத்து, கேட்டலாகில் (எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்ற பட்டியல்) அதன் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.