ஃபைபர் படகு என்ஜின் சைலன்சரை நாமே கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் வேலைக்காகக் கரையேறிவிடும், மெக்கானிக்கைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. சிறிய ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு அப்போதும் கடல் உண்டு, அதனால் இந்த வேலையைக் கற்று வைத்துக்கொள்வது நல்லது. நான் சொல்வது காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினுக்கு மட்டும். தண்ணீரில் குளிரும் பெரிய என்ஜின் கதை வேறு.

ஆக்சிலேட்டரைக் கூட்டியும் படகு இழுக்கவில்லை, கரும்புகை வருகிறது, பெண்டும் (என்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் வளைந்த குழாய்) என்ஜினும் சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிகிறது என்றால் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் தண்ணீருக்குள் சுற்றும் காற்றாடியில் (புரொப்பல்லர்) வலைத்துண்டு சுற்றியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அவற்றாலும் கரும்புகை வரும்.

முதல் வேலை முந்தின நாள் சாயங்காலமே. என்ஜின் ஆறியதும் பெண்டு நட்டுகளில் துருநீக்கும் எண்ணெய் விட்டு (கிடைக்காவிட்டால் டீசல்) ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். உப்பும் சூடும் சேர்ந்து நட்டை ஸ்டட்டோடு (நட்டு ஏறும் மரைக்கம்பி) கடித்துப் பிடித்திருக்கும். காலையில் ஒரேயடியாகக் கழற்றப் பார்க்காமல், கால் சுற்று தளர்த்தி, திரும்பக் கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி, இப்படியே முன்னும் பின்னுமாகக் கொண்டு வரவேண்டும். ஒருமுறை அவசரப்பட்டு ஸ்பானரில் பைப்பைச் செருகி நெம்பினேன், ஸ்டட் பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. ஹெட்டை லேத்துக்குத் தூக்கிப்போய் முறிந்த துண்டைத் துளைத்து எடுக்க இரண்டு நாள் தொழில் போச்சு.

கழற்றியதும் உடனே சுரண்டாதீர்கள், கரியை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்த பொடியாக மெல்லிசாக இருந்தால் கவலையில்லை. தார் மாதிரி ஈரப்பசையோடு இருந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது, அல்லது டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகுகிறது, அல்லது நீங்கள் சுமை இல்லாமல் ரொம்ப நேரம் ஓட விடுகிறீர்கள். அதைச் சரிசெய்யாமல் சைலன்சரைத் தேய்த்துப் பயனில்லை, சீக்கிரமே மறுபடி அடைக்கும்.

அப்புறம் பெண்டு கழன்ற இடத்தில் என்ஜினில் தெரியும் துளை. எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) மூடிய நிலைக்கு வரும்வரை என்ஜினைக் கையால் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் கரி சிலிண்டருக்குள் விழும். மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டித் துணியால் துடைத்தெடுத்தால் போதும்.

பெண்டு, சைலன்சர் இரண்டையும் கொட்டாப்புளியால் சுற்றிலும் தட்டுங்கள், நிறையக் கரி உதிரும். மிச்சத்துக்குக் கம்பி பிரஷ். அப்படியும் போகாவிட்டால் காஸ்டிக் சோடா கரைசலில் ஊற வைக்கலாம், ஆனால் இரும்பாக இருந்தால் மட்டும். அலுமினியத்தில் பட்டால் தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று கடல் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண்.

காய்ந்ததும் உள்ளே டார்ச் அடித்து, நிழலில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் ஓட்டை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினால் தகடு உள்வாங்குகிறதா? வெல்டிங் தாங்காது, புதுசு வாங்கிவிடுங்கள்.

மாட்டும்போது இணைப்புக்கு நடுவே வைக்கும் பழைய பேக்கிங்கை மறுபடி போடாதீர்கள். ஸ்டட்டில் கிராஃபைட் கிரீஸ் தடவி, எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பத்து நிமிடம் திறந்த வெளியில் ஓட்டி (கொட்டகைக்குள் வேண்டவே வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்), ஆறியபின் இன்னொரு தடவை இறுக்கவேண்டும். வெளிப்புறத்துக்குச் சூடு தாங்கும் சில்வர் பெயின்ட் ஒரு பூச்சு.

படகைக் கரையில் ஏற்றியதும் சைலன்சர் வாயில் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், மழைத்தண்ணீர் இறங்காது. டப்பாவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டால் ஸ்டார்ட் பண்ணும்முன் எடுக்க மறக்கமாட்டீர்கள்.