தீபம் ஸ்பெஷல் பஸ்ஸின் கதையைத் தேடி எடுப்பது எப்படி

எங்கள் அப்பா ஊத்தங்கரையில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கார்த்திகை தீபம் நெருங்கினால் வீட்டுப் பக்கமே வரமாட்டார். கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்கு ஸ்பெஷல் ஓடும். சுமார் 100 கிலோமீட்டர். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய வே பில், அதாவது கண்டக்டர் டிக்கெட் கணக்கு எழுதும் தாள், கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வண்டியின் கதையைத் தேடப் போனேன். உங்கள் ஊரிலும் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கலுக்கோ, மாசியில் தீர்த்தமலைக்கோ ஒரு வண்டி ஓடியிருக்கும். அதைத் தேட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரூட் பட்டியலில் தேடாதீர்கள். நான் அப்படித் தேடி ஒரு வருஷத்தை வீணாக்கினேன். திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் சீசன் வியாபாரத்துக்கும் 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 62ஆவது பிரிவில், தற்காலிக பெர்மிட் கொடுத்தது. அதிகபட்சம் 4 மாதம். சீசன் முடிந்தால் பெர்மிட்டும் முடிந்தது. அதனால் 'தற்காலிக பெர்மிட்' என்று சொல்லித்தான் கேட்க வேண்டும்.

எங்கே கேட்பது என்பது வருஷத்தைப் பொறுத்தது. 1965 அக்டோபர் 2க்கு முன்னால் நம் பகுதி சேலம் மாவட்டம். அப்புறம் தருமபுரி. 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனியானது. சிங்காரப்பேட்டை தாண்டினால் அன்றைக்கு வட ஆற்காடு. அந்த மாவட்டப் போக்குவரத்து ஆணையத்தின் சம்மதமும் வாங்கித்தான் வண்டி உள்ளே போக முடியும். ஆகவே வட ஆற்காட்டின் தலைநகராக இருந்த வேலூரையும் விடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து 'கோப்பு இல்லை' என்றுதான் பதில் வந்தது. மனம் விட்டுப்போனது உண்மை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய கெஜட்டுகளைப் புரட்டலாம், பொறுமை வேண்டும்.

வீடுகளில் கிடைப்பதுதான் பெரிய செல்வம் என்பேன். பழைய கண்டக்டர், டிரைவர், கிளீனர் வீடுகளுக்குப் போங்கள். டிக்கெட் துண்டு கிடைத்தால் முதலில் கட்டணத்தைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். அச்சடித்த மீதியை இன்னும் கொஞ்ச நாள் கிழித்திருப்பார்கள், அதையும் மனதில் வையுங்கள். தேதி இருந்தால் அந்த வருஷப் பஞ்சாங்கத்தை எடுத்து, தீபம் என்றைக்கு என்று ஒத்துப் பாருங்கள். தேதி தீபத்தை ஒட்டி வந்தால் ஸ்பெஷலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரியவர்களிடம் 'எந்த வருஷம்?' என்று கேட்டால் பதில் வராது. "நேரு செத்தப்போ ஓடுச்சா?", "உங்க மூத்த பையன் பிறந்தாச்சா அப்போ?" என்று கேளுங்கள். பின்னால் அடுப்பு வைத்த கரி கேஸ் பஸ் என்று யாராவது சொன்னால் அது இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் வந்த வண்டிகள் அவை. மத்தூர்ப் பக்கத்தில் ஒரு பாட்டி, தீபத்தோடு கூடும் மாட்டுச் சந்தைக்குப் போனவர், மாடு வாங்கக் கொண்டுபோன பணத்தை மடியில் முடிந்துகொண்டு செங்கம் வரை நின்றுகொண்டே வந்ததைச் சொன்னார். எந்த வருஷம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வண்டி எங்கெங்கே நின்றது என்று ஒரு ஸ்டேஜ் விடாமல் சொன்னார். அன்று ராத்திரியே நோட்டில் எழுதிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், மறுநாள் பாதி மறந்துபோகும்.

கிடைத்த காகிதத்தை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். அப்பாவின் வே பில்லில் முன்பக்கம் ஊதாப் பென்சிலில் ஸ்டேஜும் தலைக்கணக்கும்தான். பின்பக்கத்தை நான் பல மாதம் கழித்துத்தான் திருப்பினேன். மூலையில் பொடியாக எழுதியிருந்தார்: "செங்கம். ஒரு அம்மா, 2 பிள்ளை. காசு இல்லை. என் பேட்டாவில் கழிக்கவும்."